நாலாவது வரி

ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் மூன்று வரிக்கு மேல் சொல்லித் தரமாட்டேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மிரண்டுவிடக்கூடாது என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் அத்தனை தெரிவுகளையும் வெட்டி, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எழுந்து போவதானால் தூங்க வை, திறந்ததெல்லாம் அப்படியே இருக்கும். வேலை முடிந்துவிட்டால் அணைத்துவிடு. திரை தானாக இருண்டால் பயப்படாமல் ஒரு பொத்தானைத் தட்டு. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் தங்கை ராகலைப் பக்கம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அம்மாவோடு இருந்தாள். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து பல வருடங்களாக ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். வயது எல்லைக்குள் அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. விண்ணப்பத்தை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும், இடையில் சேமித்து வைக்க வழியில்லை. நான் கொடுத்த பழைய லேப்டாப்பில் ஜன்னலோரம் சிக்னல் தேடித் தேடி, ஒரு பகல் முழுக்க நிரப்பியிருந்தாள். வதிவிடச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. மறுநாள் நுவரெலியாவுக்குப் போய் முத்திரை வாங்கி வரவேண்டும். அன்று மாலை நான்கு மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும்.

"அண்ணே, இத ஆப் பண்ணவா?" என்று போனில் கேட்டாள்.

"பண்ணாத. தூங்க வை. வந்து தட்டுனா விட்ட எடத்துலயே இருக்கும்."

அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துப்போனது. சுவரிலிருந்து மின்சாரம் வந்தால்தான் அதற்கு உயிர். தூங்குகிற கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மூன்று வரிக்குள் அடங்கவில்லை என்று அதை விட்டுவிட்டேன்.

காலையில் தங்கை பஸ் ஏறிய பிறகு அம்மா வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பினார். மின்கசிவில் மேல்லயம் எரிந்த நாளிலிருந்து, வீட்டில் ஆளில்லாவிட்டால் எல்லாச் சுவிட்சையும் அமர்த்திவிட்டுத்தான் எங்கள் லயத்தில் வேலைக்குப் போவார்கள். அம்மாவும் அமர்த்தினார். அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

தங்கை திரும்பியபோது மூன்றரை. எத்தனை தட்டியும் திரை விழிக்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் முதலிலிருந்து தொடங்கியது. வெற்றுப் படிவம் வந்தது. எனக்குப் போன் போட்டாள், நான் லைனிலேயே இருந்தேன். அவள் பெயரையும் முகவரியையும் மறுபடி தட்டுவது கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

"மூடிட்டாங்கண்ணே. விடுங்க. நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

சுவரில் இருந்த தாளில், தூங்கினாலும் மின்சாரம் வேண்டும் என்று நாலாவது வரியையும் எழுதிவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் அம்மா ஒவ்வொரு சுவிட்சாக அமர்த்தினார், லேப்டாப் சுவிட்சை மட்டும் தொடவில்லை. தங்கை கொழும்புக்குப் போனதிலிருந்து அப்படித்தானாம். நெருப்புப் பயம் இல்லையா என்று கேட்டேன்.

"பயந்தான். ஆனா அவ எழுதுனது உள்ள இருக்குல்ல. வந்து பாக்கயில இருக்கணும்ல."

அதற்குள் ஒன்றுமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.