ஜஹீதா கிழித்த கவர்

கச்சேரி ரோட்டுத் தையல்காரர் மெஹபூப் அலி மூன்றாம் வகுப்பைக்கூட முழுதாகப் பார்த்தவரில்லை. ஆனாலும் அடையாறு பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதினோரு வருடமாகப் பட்டம் வாங்கிய அத்தனை பேரும் அவர் தைத்த கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறினார்கள். தைத்தவன் கை தோளில் படாமல் ஒருத்தன் பட்டதாரி ஆகியிருக்கிறானா? இருந்தால் வந்து சொல்லட்டும், பார்க்கலாம்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அவர் மகள் ஜஹீதாவுக்கு அதே பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவில் கமர்ஷியல் அப்ரெண்டிஸ் இடம் கிடைத்தது. ஒரு வருடப் பயிற்சி. கஸ்தூரிரங்கன் என்ற தலைமை எழுத்தர்தான் வேலை சொல்லிக்கொடுத்தார். காலைத் தபாலை அடுக்கி வைத்து, எல்லாக் கவரையும் இடது ஓரத்தில் கத்தியால் கிழிக்க வேண்டும். உள்ளே இருப்பதில் தேதி முத்திரை குத்திச் சுருக்கொப்பம் போட வேண்டும். மேலே ‘டெண்டர்’ என்று எழுதிய கவரை மட்டும் தொடக்கூடாது. அது பூட்டிய பெட்டிக்குள் போகும். மூன்று மணிக்கு எல்லார் முன்னாலும் திறப்பார்கள்.

அந்த வருட அங்கி டெண்டர் நாளன்று ஜஹீதா நாற்பது கவரை வரிசையாகக் கிழித்தாள். முத்திரை குத்தினாள், ஒப்பம் போட்டாள். ஒரு தாளில் கை நின்றுவிட்டது. அடியில் அப்பாவின் கோணல் கையெழுத்து. கவரைத் திருப்பினாள். அரக்கு முத்திரையை நம்பாத மனிதர், கவரின் வாயை மெஷினில் வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தார். அதில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. முன்பக்கம் ‘டெண்டர்’ என்று எழுதத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

கோந்துப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நேரே கஸ்தூரிரங்கனிடம் போய்ச் சொன்னாள்.

“கிழிச்சுட்டு வந்து நிக்கறியே! இனிமே இது செல்லாது. மூணு மணிக்குள்ள உங்கப்பாவை வேற கவர் எடுத்துண்டு வரச் சொல்லு. ஓடு, பஸ் பிடி.”

வேர்க்க வேர்க்க வந்து நின்ற மகளைப் பார்த்து மெஹபூப் அலி சிரித்தார். “இன்னாம்மா, பாதி நாள்லயே தொரத்திட்டானுங்களா?”

“உங்க கவரை நானே கிழிச்சிட்டேன்பா.”

“தையல் பிரிஞ்சிச்சா?”

“இல்லப்பா. ஓரத்துல.”

“அதானே பார்த்தேன்! நம்ப தையலாவது பிரியறதாவது. அழுவாத, வேற தச்சிக்கினு போலாம் வா.”

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது புதுக் கவர் பெட்டியில் விழுந்தது. மூன்று அடித்ததும் பெட்டியைத் திறக்கக் கொள்முதல் அதிகாரி சாவியை எடுத்தார். தி. நகர் துணிக்கடைக்காரர் வெள்ளைத்துரை எழுந்தார். அவர் கவர் காலையிலேயே அந்தப் பெட்டிக்குள் போயிருந்தது.

“சார், ஒரு நிமிசம். பெட்டி இந்தப் பொண்ணு மேசைகிட்டதான் இருக்கு. மத்தியானம் இது பஸ் ஏறிப் போனத எங்க கடை ஆளு பாத்திருக்கான். திரும்பி வரும்போது அப்பனையும் கூட்டிட்டு வருது. எங்க ரேட்டு இவருக்குத் தெரியாதுன்னு நான் எப்படி நம்ப?”

ஜஹீதா கஸ்தூரிரங்கனைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்த அந்த மனிதர், குனிந்து பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“விசாரணை வைக்கணும். அதுவரைக்கும் இந்தப் பொண்ணு பயிற்சிக்கு வர வேண்டாம்” என்றார் அதிகாரி.

“சார், கஸ்தூரிரங்கன் சார்தான்…” என்று ஜஹீதா தொடங்கினாள். மெஹபூப் அலி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“விசாரணை எதுக்கு சார்? எனக்கு இந்த வேலையே வாணாம். கவரைக் குடுங்க, எடுத்துக்கினு போயிடறேன். பொண்ணு படிச்ச பொண்ணு, அது இருக்கட்டும்.”

யாரும் தடுக்கவில்லை; விசாரணைப் பேச்சும் அத்தோடு முடிந்தது. பதினோரு வருட வேலையைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு அவர் படியிறங்கினார். போகும்போது அதிகாரிக்கு ஒரு சலாமும் வைத்தார்.

அடுத்த வாரம் வெள்ளைத்துரை பேருக்கு ஆர்டர் போயிற்று. தட்டச்சு செய்வது அப்ரெண்டிஸ் வேலை. ஜஹீதாதான் அடித்தாள். மூன்று தாள் வீணாகி, நான்காவதுதான் சரியாக வந்தது.

அன்று சாயங்காலம் மெஹபூப் அலி ஒரு பள்ளிக்கூடப் பையனின் அரைக்கால் சட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தினி அங்கியாம்?” என்று தலை தூக்காமலே கேட்டார்.

“நானூறுப்பா.”

மெஷின் கொஞ்ச நேரம் ஓடி நின்றது.

“தோள்ல சுருக்கு நாலா புடிக்கணும்னு அந்தாளுகிட்ட சொல்லிடும்மா. ரெண்டா புடிச்சா, பசங்க பட்டம் வாங்கக் கை நீட்டறப்போ கிழிஞ்சிடும்.”

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, ஜஹீதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.