சந்தனம் பூசிய மொட்டைத் தலை

என் கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றுவிட்டது.

தைப்பூசத்தன்று கூலாய் ஊர்க் கோயிலில் என் மகன் கவினுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசினோம். மனைவி அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போனாள். நான் செருப்பைத் தேடிக் குனிந்து நிமிர்ந்தபோது கவினைக் காணவில்லை. பெயர் சொல்லிக் கத்தக் கூச்சமாக இருந்தது. வாயைத் திறக்காமல் கூட்டத்துக்குள் ஓடினேன். முன்னால் ஒரு சந்தன மொட்டை தெரிந்ததும் கையைப் பிடித்து இழுத்தேன். திரும்பியது வேறு வீட்டுப் பிள்ளை. அவன் அலறினான்.

"பிள்ளை பிடிக்கிறவன்லா! போடுங்கடா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

அடி விழுந்தது. மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அப்போது ஓர் அம்மாளின் கையைப் பிடித்தபடி கவின் நிற்பதைக் கண்டேன்.

"அதோ, என் மகன்!" என்று கத்தினேன்.

"தம்பி, இவரா உங்கப்பா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

கவின் என் முகத்தைப் பார்த்தான். பயந்துபோய், இல்லையென்று தலையாட்டினான்.

"பாத்தீங்களா, புளுகுறான்!" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

மறுபடியும் அடித்தார்கள். மனைவி வந்துதான் நிறுத்தினாள்.

பிள்ளையைக் காணவில்லையென்றால் உடனே பெயர் சொல்லிக் கத்துங்கள். கவின் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தானாம். நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். இப்போதும் கூட்டத்தைக் கண்டால் என் கையை உதறிவிட்டு அம்மாவிடம் ஓடுகிறான்.

எழுதி முடித்தது, அடுத்த தைப்பூசத்திற்கு முதல் நாள்.