சாத்தாத கதவும் இரண்டு இசைத்தட்டுகளும்

"பிளீடிங்" என்று கோர்டன் சொன்ன அன்று காலை, நான் அவருடைய கட்டிலுக்குக் கீழே குனிந்து இரத்தம் தேடினேன். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறவள் நான். அந்தச் சொல் காதில் விழுந்தால் முதலில் கையுறை, அடுத்தது அழைப்பு மணி. மணியை அழுத்திவிட்டு முழங்கை, மூக்கு, படுக்கை விரிப்பு எல்லாம் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சிரித்தபடி இருந்தார் மனிதர். ஓடி வந்த தாதி "எங்கே?" என்று கேட்க, சுழன்றுகொண்டிருந்த இசைத்தட்டைக் காட்டினார். 'இல்லாத இரத்தத்தைக் காண்கிறார்' என்று குறிப்பில் ஏறியது. அடுத்த அறையில் யாரோ ட்ரம்ஸ் அடிக்கிறார்கள் என்று அவர் சொன்னது முன்பே அதில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அவரை நான்காம் மாடிக்கு மாற்றுவது பற்றிப் பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். அது நினைவு தடுமாறியவர்களுக்கான மாடி. அதன் கதவு, இலக்கங்களை அழுத்தினால்தான் திறக்கும். அங்கே இசைத்தட்டுக் கருவி வைத்திருக்க விடமாட்டார்கள்.

மணி அடித்தவள் நான். அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து, அவருக்குச் சவரம் செய்துவிடும்போது நேரடியாகக் கேட்டேன். எது பிளீடிங்? அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒலிப்பதிவுக்காரர்களின் பேச்சில், ஓர் அறையின் சத்தம் கசிந்து இன்னோர் அறையின் மைக்குக்குள் புகுந்துவிட்டால் அதற்கும் அதே சொல்தானாம். பிறகு இரண்டு இசைத்தட்டுகளை எடுத்து அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். ஒன்று தாடியும் நீள முடியுமாக நாலு பேர் போட்டுத் தாக்கிய ராக். மற்றது ஒரு பெண் கிற்றாரை மெல்லத் தடவிப் பாடியது. இரண்டிலும் பொடி எழுத்தில் ஒரே ஸ்ரூடியோவின் பெயர். ஒரே வருடத்தின் அதே இரண்டு மாதங்கள். நகர நடுவில், டவுன்ரவுணில் ஒரு பழைய பேக்கரிக் கட்டடம் அது. ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் இரண்டு அறைகள். இருபது வயதுக் கோர்டன் அங்கே வயர் சுற்றினார், நாடா மாற்றினார், இரு பக்கத்தாருக்கும் கோப்பி கொண்டுபோனார். அட்டை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் பெயர் எங்கும் இல்லை.

"இந்தப் பெண்ணின் பாட்டில் மூன்றாம் வரி முடிந்து ஒரு மௌனம் வரும்," என்றார். "அதற்குள் அடுத்த அறைக்காரர்களின் ட்ரம்ஸ் இருக்கிறது. டொக்டருக்கு அது கேட்கவில்லை. என் மகளுக்கும் கேட்கவில்லை."

எனக்குக் கேட்கும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. பதினெட்டு வயதில், யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியில் ஒரு றெக்கோடிங் பாரில் வேலை செய்தேன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பாட்டுப் பட்டியலைக் கொண்டுவந்தால் கசெற்றில் பதிந்து கொடுக்கும் கடை. சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம். புதுக் கசெற் வராது. பழையதை அழித்து அதன் மேலேயே பதிவோம். எங்கள் மெஷின் ஒழுங்காக அழிக்காது. ஒரு காதல் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன், முந்திய சொந்தக்காரரின் தேவாரமோ யாரோ வீட்டுக் கலியாண மேளமோ அடியில் கிடந்து முனகும். அதைப் பிடித்து, "இது சரிவராது, திரும்ப அழியுங்கோ" என்று முதலாளியிடம் சொல்வது என் வேலை. அந்தக் கடையில் சம்பளம் என் காதுக்குத்தான்.

அன்று மதிய இடைவேளையில் கோர்டனின் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். முதல் தரம் ஊசியின் இரைச்சல் மட்டும். இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் கண்ணை மூடினேன். பாடகி மூச்சை இழுக்கிறாள். அதற்குப் பின்னால், பல வீடு தள்ளி யாரோ கதவு தட்டுவது போல, மூன்று அடி. நாலாவது கொஞ்சம் பிந்தி. மற்ற இசைத்தட்டைப் போட்டேன். முதற் பாட்டிலேயே அந்த ட்ரம்ஸ்காரர் அறை அதிர அடிக்கிறார்: மூன்று, பிறகு பிந்திய நாலு. ஆளை ஆள் தெரியாத இரண்டு கூட்டம், ஒரே இலையுதிர்காலத்தில், ஒரு நடைபாதைக்கு இரண்டு பக்கமும் இருந்து இத்தனை அழகாகச் செய்திருக்கிறார்கள்.

என்னோடு வேலை செய்யும் வசந்தி அக்காவிடம் சொன்னேன். "உனக்கேனடி உந்த வேலை?" என்றா. "டொக்டர் எழுதினதை நீ பிழை எண்டு சொல்லப்போறியே? வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்."

"நான் மணி அடிச்சபடியாத்தானே அக்கா இவ்வளவும். பேசாமல் இருக்க ஏலாது."

கூட்டத்தன்று கோர்டனின் மகள் லின்டா அரை மணி முந்தி வந்தார். நான் பதற்றத்தில், "உங்கள் அப்பாவுக்கு இரத்தம் இல்லை. இசைத்தட்டுக்குத்தான்," என்று என் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் ஓர் அடி பின்னால் போனார். நான் முழுதும் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. "அப்பா இந்த இசைத்தட்டுகளில் வேலை செய்த கதையைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். அட்டையில் அவர் பெயர் எங்கே என்று கேட்டுச் சிரித்தார்கள்," என்றார். "அதற்குப் பிறகு நான் கேட்பதே இல்லை."

கோர்டனின் அறையில், ஹெட்போனை லின்டாவின் தலையில் நானே மாட்டினேன். அந்த இடம் வந்ததும் விரலை உயர்த்தினேன். முகத்தில் ஒன்றும் இல்லை. இன்னொரு தரம். திடீரென்று அவர் கை வாயைப் பொத்தியது.

"அப்பா, எப்படி இது உள்ளே வந்தது?"

கோர்டன் சன்னலைப் பார்த்தார். "கையில் ஆறு கோப்பை கோப்பி. கதவைக் காலால் தள்ளினேன். முழுதாகச் சாத்தவில்லை. அந்தப் பெண் அன்று பாடியதுபோல் பிறகு பாட வரவில்லை. அதனால் அதையே வைத்துக்கொண்டார்கள். என் பிழை என்று இதுவரை யாருக்கும் சொல்லவில்லை."

லின்டா கருவியைத் தானே தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். நானும் போய்க் கதவடியில் நின்று, "மணி அடித்தது நான். சொல்லை நான் பிழையாக விளங்கிவிட்டேன்," என்றேன். லின்டா அந்தப் பாட்டைப் போட்டு, ஹெட்போனை ஒவ்வொருவராகக் கொடுத்தார். முதலில் கேட்டது டொக்டருக்கு அல்ல, அன்று ஓடி வந்த தாதிக்கு. அவர் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார்: மூன்று, பிந்திய நாலு. குறிப்பைத் திருத்தினார்கள். கோர்டன் இரண்டாம் மாடியிலேயே இருக்கிறார். லின்டா சனிக்கிழமைகளில் வந்து, இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறார்.

பரிசு வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை. லின்டா மனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பழைய இசைத்தட்டுக் கடையில் தேடிப் பிடித்த அந்த ராக் இசைத்தட்டை எனக்குத் தந்தார். வோபர்ன் பகுதியில் எங்கள் அபார்ட்மென்ரில் அதைப் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை. அந்த உயரத்துக்கு இடம் இருந்தது சாமித் தட்டில் மட்டும்தான். முருகனுக்கும் அம்மாவின் படத்துக்கும் நடுவில் சாத்தி வைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வசந்தி அக்கா வந்தா. கொண்டுவந்த திருநீற்றை ஒவ்வொரு படத்துக்கும் பூசிக்கொண்டு போனவ, இசைத்தட்டு அட்டையில் இருந்த தாடிக்காரர் நாலு பேருக்கும் முன்னால் நின்றா.

"உவை ஆரடி? வடநாட்டுச் சாமிமாரே?"

நான் பதில் சொல்ல வாய் திறக்குமுன், நாலு நெற்றியிலும் பூசிவிட்டா. நான் துடைக்கவில்லை.