தலைக்கு எண்ணெய் வைத்த விரதம்

தேர் ஓடுகிற நாளில் கரண்ட் இருக்காது. வயர்மேன் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்கிறேன். தேருக்கு முன்னால் நாம் போக வேண்டும். தெருவுக்குக் குறுக்கே ஓடும் ஒயரையெல்லாம் அவிழ்த்துக் கீழே விட வேண்டும். தேர் தாண்டியதும் திரும்பக் கட்ட வேண்டும். லைன் ஆஃப் ஆனதற்கு எல்.சி. என்று ஒரு சீட்டு தருவார்கள். அது ஃபோர்மேன் கைக்கு வராமல் கம்பத்தில் கால் வைக்காதீர்கள்.

தொண்ணூறுகளில் எனக்குத் திருக்கழுக்குன்றத்தில் வேலை. வருஷா வருஷம் தேர் டியூட்டி எனக்குத்தான். நான் கிறிஸ்தவன். சாமி அவர்களுடையது, ஒயர் என்னுடையது. இதில் எனக்கும் குழப்பம் இல்லை, ஊருக்கும் இல்லை. ஒரே ஒரு வருஷம் மட்டும் குழப்பம் வந்தது.

மோர்ப் பந்தல்

பெரிய வெள்ளியும் சரி, சித்திரைத் தேரும் சரி, நிலாவைப் பார்த்து வருகிற நாள்கள். அந்த வருஷம் இரண்டும் ஒன்றாக வந்துவிட்டன. லீவு கேட்கவில்லை. பெரிய வெள்ளியன்று மூன்று மணி வரை நான் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை. நோன்பு இருப்பவன் அதை வெளியே காட்டக் கூடாது, முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு மற்ற நாள் மாதிரி நடமாட வேண்டும் என்று எங்கள் ஃபாதர் சொல்வார். அன்று காலை என் வீட்டுக்காரி எண்ணெய் ஊற்றி வாரிவிட்டாள். நெற்றி வரை வழிந்தது.

கரண்ட் போன ஊர் தூக்கத்தில் பார்க்கிற ஊர் மாதிரி இருக்கும். ஃபேன் சத்தம் இல்லை. ரேடியோ இல்லை. மலை மட்டும் வெயிலில் மிதந்தது. தூரத்தில் வடம் இழுக்கிறவர்களின் சத்தம் அலை மாதிரி வந்து வந்து போனது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏணியின் படிகள் ஈரமாக இருப்பதுபோல் தெரிந்தன. தொட்டால் சுட்டன.

தெரு முனையில் பங்கஜம்மாவின் மோர்ப் பந்தல். ஃபியூஸ் போட எப்போது போனாலும் அந்த அம்மா எனக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் தருவார். தேர் அன்று மோர். முந்தைய வருஷங்களில் எல்லாம் குடித்திருக்கிறேன்.

"இந்தா அந்தோணி, குடி."

"வேணாம்மா."

"ஏம்பா? போன வருசம் ரெண்டு டம்ளர் குடிச்சியே. இந்த வருசம் இன்னா, கசக்குதா?"

நான் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்தேன். அந்த அம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. பக்கத்தில் குமார் இருந்தான். வடம் பிடிக்கிற ஆள்களுக்கு அவன்தான் தலைவன்.

"அவுங்க சர்ச்சுல எதுனா சொல்லி அனுப்பிச்சிருப்பாங்க, அத்த. நம்ம கையால வாங்கக் கூடாதுன்னு."

பங்கஜம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முகம் சுருங்கிவிட்டது.

குமார் எங்கள் ஃபோர்மேன் முனுசாமியிடம் போனான். "அண்ணாத்த, இந்தாள எறக்கு. நம்ம மோருக்கு மொகத்தத் திருப்பிகினு போறவன் எதுக்கு நம்ம தேருக்கு முன்னாடி? வேற ஆள ஏத்து."

முனுசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு வாய் குடிச்சிட்டுப் போயேன்யா. இன்னா ஆயிடப் போவுது? தகராறு வந்தா நான் உன்ன எறக்கித்தான் ஆவணும்."

குடித்தால் நோன்பு போகும். சொன்னால் அது ஊருக்குக் காட்டியதாகும். சும்மா இருந்தால் தேர் டியூட்டி போகும். அதுகூடப் பரவாயில்லை. ஆனால் அந்த அம்மா என்னைப் பார்க்காமல் மோர்ப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்கவில்லை.

திரும்பிப் போய்ச் சொன்னேன். "அம்மா, இன்னிக்கி எங்களுக்குப் பெரிய வெள்ளி. மூணு மணி வரிக்கும் தண்ணி கெடையாது. வேற ஒண்ணும் இல்ல."

குமார் சிரித்தான். "விரதமா? விரதம் இருக்கறவன் எவன்யா தலையில எண்ண வச்சிகினு வருவான்? வழியுது பாரு."

"தெரியக் கூடாதுன்னுதான் வச்சிகினேன்" என்றேன்.

பங்கஜம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "விரதக்காரங்கிட்டப் போயி மோரு குடி, மோரு குடின்னு நிக்கிறேனே. டேய் குமாரு, அந்த ஏணியப் புடிடா."

குமார் ஏணியைப் பிடித்தான். "நானும் இன்னிக்கி விரதந்தான். பழம் துன்னலாம். உனுக்கு அதுவும் கெடையாதா?"

"கெடையாது."

"பேஜாரான விரதமா கீதேய்யா. மயக்கம் வந்தா கொரல் குடு."

கம்பத்தின் மேல்

கடைசிக் கம்பத்தில் இருந்தபோது தேர் என்னைத் தாண்டியது. அதன் உச்சி என் தலை உயரத்துக்கு வந்தது. துணிகள் மெதுவாக ஆடின. கீழே அவ்வளவு கூட்டம். மேலே எதுவும் கேட்கவில்லை. எங்கள் கோயிலில் அந்த நேரம் சிலுவை முன்னால் மண்டியிட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரியும் இருப்பாள். நான் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து கண்ணை மூடினேன். தேரோடு கம்பமும் நகர்வது போல் இருந்தது. என் ஜெபத்தைச் சொன்னேன்.

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள். கீழிருந்து பங்கஜம்மாவின் குரல்தான் வந்தது.

"அந்தோணி, மூணு ஆயிடுச்சி. எறங்கு."

மோரைத் தனியாக மூடி வைத்திருந்தார். குடித்தேன். குமாரிடம் ஒரு வாழைப்பழம் இருந்தது. அதையும் கொடுத்தான். பிறகு ஒயரைக் கட்டி முடித்தோம். சீட்டைத் திருப்பிக் கொடுத்ததும் லைனைச் சார்ஜ் செய்து கரண்ட் விட்டார்கள்.

நான் கற்றது இவ்வளவுதான். நோன்பை மறைத்து வை. மறைப்பது அடுத்தவர் மனதை நோகடித்தால், சொல்லிவிடு.

அடுத்த வருஷம் தேர் வேறு நாளில் வந்தது. பெரிய வெள்ளியன்று பங்கஜம்மா வீட்டில் ஃபியூஸ் போய்விட்டது என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போனேன். நல்ல வெயில். அந்த அம்மா எப்போதும் போலச் சொம்போடு வாசலுக்கு வந்தார். எண்ணெய் வழிந்த என் தலையைப் பார்த்தார். சொம்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.