வலது காலும் நூறு டன் தோணியும்

எழும்பூரில் செவ்வாய்க்கிழமை மாலை ரயில் ஏறியபோது என் பையில் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, தண்ணீர்க் கூஜா, எஃகு அளவுநாடா, ஒரு டப்பா கிரீஸ், உதிரியாக ஒரு முழங்கால் ஆகியவை இருந்தன. கூஜாவை எடுக்கும் அவசரத்தில் முழங்காலை எடுத்து இருக்கையின் மேல் வைத்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தம் சாப்பாட்டுப் பொட்டலத்தை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். இது எஃகும் மரமும்தான், யாருடைய காலும் இல்லை என்று விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டினார். பொட்டலம் மட்டும் திரும்பி வரவில்லை.

1976ஆம் வருடம், செப்டம்பர் மாதம். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு வேலை. பன்னிரண்டு வருடமாகப் பிரேக்குகளைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். பளு தூக்கும் யந்திரங்களுக்காக நாங்கள் ஒரு பிரேக் செய்திருந்தோம். பாரம் ஏற ஏற அது தானாகவே இறுகும். பாரம் இறங்கினால் விட்டுக் கொடுக்கும். ஒரு நாள் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த எலும்பு டாக்டர் ஒருவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைச் சின்னதாகச் செய்து முழங்காலில் வைத்தால் என்ன என்று கேட்டார். ஊன்றினால் இறுக வேண்டும், தூக்கினால் மடங்க வேண்டும். நடப்பவனுக்கு வேண்டியதும் அதுதானே என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு மூன்று வருடம் ஆயிற்று.

அந்தக் காலைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியவர்களில் ஒருவர் தூத்துக்குடி சவரிமுத்து. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் பாய்த்தோணி ஒன்றின் தண்டல். அதாவது தோணியின் தலைவர். போன வருடம் தோணிக்கும் படகுத்துறைச் சுவருக்கும் நடுவே அவருடைய வலது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. போன வாரம் அவர் மனைவி பிலோமினாள் எழுதிய கடிதம் வந்தது. 'கால் நன்றாக இருக்கிறது. நடக்கிறார், மாதா கோயிலுக்குப் போய் வருகிறார். தோணியில் மட்டும் ஏற முடியவில்லை. வியாழக்கிழமை ஏறாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.' இதைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மணியாச்சி வந்தோம். அங்கே தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றி வேறு எஞ்சினில் மாட்டும்வரை பிளாட்பாரத்தில் நின்று காப்பி குடித்தேன். முப்பது காசு, அதற்குத் தக்க ருசி. பிறகு உடைமரமும் பனையுமாகப் பதினெட்டு மைல். கடைசியில் உப்பளங்கள் வந்தன. வெயிலில் குவித்து வைத்த உப்பு கண்ணைக் கூச வைத்தது. சென்னையிலிருந்து ஏறக்குறைய அறுநூற்றைம்பது கிலோமீட்டர் வந்து இறங்கியதும் முதலில் மூக்கில் ஏறியது கருவாட்டு வாசனை. எனக்குப் பிடித்த வாசனைதான். ரிக்ஷாக்காரர் ஒரு ரூபாய் கேட்டு, எழுபத்தைந்து காசுக்கு இணங்கி, வழியெல்லாம் அந்தக் கால் ரூபாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

சவரிமுத்துவுக்கு ஐம்பது வயது இருக்கும். குட்டையான, அகலமான மனிதர். வாசலுக்கே நடந்து வந்து என் பையை வாங்கிக்கொண்டார். பழக்கமில்லாத கண்ணுக்கு எந்தக் கால் எங்களுடையது என்று தெரியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிலோமினாள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறார். காலின் மேல் பகுதி தொடையில் உரசிப் புண்ணாகாமல் இருக்க, மடிப்பும் தையலும் தோலில் படாதபடி ஒரு பருத்தி உறை தைத்துப் போட்டிருந்தார். நாங்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்ததைவிட அது மேல். மாதிரிக்கு ஒன்று கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

இரண்டு மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் படகுத்துறைக்குப் போனோம். வெளியே போகும்போது மட்டும் அவர் ஓர் ஊன்றுகோல் எடுத்துக்கொள்வார். ஊருக்குத் தெற்கே புதிய துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்து நிற்கின்றன. தோணிகளுக்கு இன்னும் பழைய துறைதான். நாலு மாதம் கரையில் ஏற்றி, பலகை இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்து, எண்ணெய் பூசி, மறுபடி தண்ணீரில் இறக்கிய அவருடைய நூறு டன் தோணி வெறுமையாக மிதந்துகொண்டிருந்தது. துறையிலிருந்து அதற்கு ஒரு நடைப்பலகை போட்டிருந்தார்கள். என் அளவுநாடாவின்படி தோணியின் விளிம்பு துறையைவிட மூன்று அடி உயரத்தில் இருந்தது.

சவரிமுத்து பலகையில் வலது காலை எடுத்து வைத்தார். கால் ஊன்றியது, பிரேக்கும் இறுகியது; ஆனால் உடம்பை மேலே தூக்குகிற வேலை அந்தக் காலுக்குத் தெரியாது. கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பாதி வழியில் பின்னுக்குச் சாய்ந்தார். நான் தாங்கிப் பிடித்தேன்.

அவரைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. மேலே ஏறும்போது நல்ல கால் முதலில், கீழே இறங்கும்போது செயற்கைக் கால் முதலில் என்று அதில் எழுதியிருக்கும். எழுதியவன் நான். நல்ல காலை, அதாவது இடது காலை முதலில் வைத்து ஏறச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விஷயம் இதுதான். வருடத்தின் முதல் பயணத்துக்குத் தண்டல்தான் முதலில் தோணியில் ஏற வேண்டும். வலது காலை எடுத்து வைத்து ஏற வேண்டும். தடுமாறக் கூடாது. தோணியில் வேலை செய்யும் எட்டு ஆட்களும் துறையில் நின்று பார்ப்பார்கள். புது வீட்டுக்குள் இடது காலை வைத்து நுழைய நம் வீடுகளில் யார் விடுவார்கள்? இருந்தும் எங்களுக்கு இது தோன்றவே இல்லை. கூடத்தில் வைத்து நாங்கள் சோதித்த மூன்று பேருமே இடது காலை இழந்தவர்கள். வலது கால் நல்ல கால். அதை முதலில் வைத்துச் சந்தோஷமாகப் படியேறினார்கள். அட்டையும் சரி, சாஸ்திரமும் சரி என்று இருந்துவிட்டோம்.

"எனக்கு அதுல பெரிய நம்பிக்கை கெடையாது சார்" என்றார் சவரிமுத்து. "ஆனா எட்டுப் பேரு என்ன நம்பி பின்னால வாரான். எடது கால வச்சி ஏறுனா அவன் வீட்டுப் பொம்பளைகளுக்கு ஒறக்கம் வராது."

தோணி முதலாளியான அண்ணாச்சி நல்ல மனிதர்தான். இருந்தாலும் பெரியதாழையிலிருந்து இன்னொரு தண்டலை வரவழைத்து வைத்திருந்தார். அந்த ஆள் சற்றுத் தள்ளி ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கால்களையும் நீட்டியிருந்தார். அவர் மேல் எனக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது.

மூன்றரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லேத் பட்டறையில் போய் நின்றேன். முழங்காலை நேராகப் பூட்டி நிறுத்த ஓர் ஊசி கடைந்து வாங்கி, உதிரி முழங்காலில் பொருத்தி, ஆறு மணிக்குத் திரும்பவும் துறைக்கு வந்து அவருக்கு மாட்டினேன். பூட்டிய கால் உலக்கை போல நின்றது. மடங்காத காலைத் தோணியின் விளிம்புக்கு மேலே எப்படித் தூக்குவது? கால் விரல் விளிம்பில் தட்டி, மனிதர் பலகையில் உட்கார்ந்தேவிட்டார். நல்ல வேளை, அடி படவில்லை. எனக்குத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து பழைய முழங்காலையே திரும்ப மாட்டிவிட்டேன். ஏழு மணிக்குச் சாளை மீன் குழம்பும் சோறும் வந்தன. மனம் கெட்டிருந்தாலும் மீன் குழம்பை விடவில்லை. பிலோமினாள் மிஷினில் உட்கார்ந்தபடி, கோயில் படிகளில் அவர் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று கேட்டார். அட்டையில் உள்ளதை ஒப்பித்தேன். மிதித்துக்கொண்டிருந்த காலை அவர் நிறுத்தினார்.

"எறங்கும்போது இந்தக் கால்தான மொதல்ல? அப்ப சரக்கு ஏத்துன பொறவு போகட்டுமே. பாரம் ஏறுனா தோணி தாழும்லா."

பன்னிரண்டு வருடம் பாரத்தை ஆராய்ச்சி செய்தவன் கையில் சோற்றுக் கவளத்தோடு உட்கார்ந்திருந்தேன். தோணி துறையை விடத் தாழ்ந்துவிட்டால் பலகை கீழ்நோக்கிச் சாயும். ஏறுவது இறங்குவதாகிவிடும். வலது கால் முதலில். அட்டைக்கும் சரி, எட்டுப் பேருக்கும் சரி. வெட்கமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது.

சவரிமுத்து உடனே ஒத்துக்கொள்ளவில்லை. சரக்கு அடுக்கும்போது தண்டல் தோணிக்குள் நின்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் முன்னாலேயே ஏறுவது. துறையில் மூட்டைகள் மேல் உட்கார்ந்தே பார்க்கலாமே என்றார் மனைவி. அப்போதே அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அவர் காதைச் சொறிந்துகொண்டார்.

"சுமட்டுக்காரன் ஏறுதது கணக்குல கெடையாது. தண்டல் எப்ப ஏறணும்னு யாரும் மணி பாத்துச் சொல்லல. சரக்கு ஒழுங்கா அடுக்கணும், அம்புட்டுதான். ஆனா அஞ்சு மணிக்கு மேல கடல் பெருகிரும், தோணியும் கூட எந்திச்சிரும். அதுக்குள்ள ஏறலைன்னா பெரியதாழைக்காரன்தான்."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குச் சரக்கு ஏற்றத் தொடங்கினார்கள். முதலில் முன்னும் பின்னும் வெங்காயம், பிறகு நடுவில் ஓடு. சவரிமுத்து துறை ஓரத்தில் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தோணியின் வயிற்றுக்குள் பார்த்தபடி, எந்த மூட்டை எங்கே போக வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் மணிக்கொரு தடவை அளவுநாடாவை நீட்டினேன். எட்டு மணிக்கு இரண்டரை அடி உயரம். பத்து மணிக்கு ஒன்றே முக்கால். பன்னிரண்டு மணிக்கு முக்கால் அடி. சுமைக்காரர்களும் எத்தனை, எத்தனை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு மணிக்கு வர வேண்டிய ஓட்டு லாரி வரவில்லை. தோணி துறைக்கு மட்டமாக வந்து அப்படியே நின்றது. மட்டமாக இருந்தால் போதாது. பலகை கீழ்நோக்கிச் சாய்ந்தால்தான் அந்தக் கால் விளிம்பைத் தாண்டும். இரண்டு மணி ஆயிற்று. மூன்று மணி ஆயிற்று. சவரிமுத்துவின் சத்தம் நின்றுபோனது. பெரியதாழைக்காரர் எழுந்து தம் துணிமூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டார். மூன்றேகாலுக்கு, வழியில் டயர் வெடித்த லாரி புழுதியோடு வந்து நின்றது.

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் ஓடு தூக்கினேன். "ஏலே, ஓட்டக் குப்புறப் பிடிக்காத, ஒடஞ்சிரும்" என்று மூட்டைகளின் மேலேயிருந்து சவரிமுத்துவின் அதட்டல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அதட்டியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் நான் பிடித்தது தப்புதான், மாற்றிப் பிடித்தேன்.

நாலே முக்காலுக்குத் தோணி துறையைவிட ஓர் அடி தாழ்ந்திருந்தது. பலகையைச் சாய்த்துப் போட்டார்கள். சவரிமுத்து ஊன்றுகோலை என் கையில் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். வலது காலை எடுத்துப் பலகையில் வைத்தார். கால் இறங்கியது, பாரம் ஏறியது, பிரேக் இறுகியது. அந்தச் சின்னச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டிருக்கும். இடது கால் பின்னால் மடங்கி உடம்பை மெல்ல இறக்கிக் கொடுத்தது. இப்படியே நாலு எட்டு. கடைசியில் விளிம்பைத் தாண்டி வலது கால் தோணியின் தட்டில் பதிந்தது. அவர் தடுமாறவில்லை.

யாரும் கைதட்டவில்லை. எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக வலது காலை வைத்து உள்ளே போனார்கள். பெரியதாழைக்காரர் என்னிடம் வந்து, இந்தக் கால் என்ன விலை என்று கேட்டார். அவருடைய சித்தப்பா மகனுக்கு வேண்டுமாம். அதுவரை அவர் மேல் வைத்திருந்த கோபத்துக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

எனக்கு ஒரே ஒரு கவலை மிச்சமிருந்தது. கொழும்பில் என்ன செய்வார்? துறையில் நின்றபடியே கேட்டேன்.

"அங்கன சரக்க எறக்குன பொறவு நான் எறங்குவேன் சார். வெறுந்தோணி மேல நிக்கும், தொறை கீழ கெடக்கும். அதுவும் எறக்கந்தான?" என்று சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிலோமினாள் என் பக்கத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விடியற்காலைத் தரைக்காற்றில் தோணி பாய் விரிக்கும். அதைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. ராத்திரி வண்டியைப் பிடிக்க வேண்டும். கடைத்தெருவில் அரைக் கிலோ முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டேன். ஊன்றுகோலைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோய், அதுவும் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. ரயிலில் எள் விழ இடமில்லை. வாசலருகே ஊன்றுகோலோடு நின்ற என்னைப் பார்த்ததும் ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். காலையிலிருந்து நின்ற கால்கள் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டன.

மறுநாள் காலை செங்கல்பட்டுக்கு முன்னால் கண்விழித்தேன். வீட்டில் மூன்று படி உண்டு. இத்தனை வருடமாக எந்தக் காலை முதலில் வைத்து ஏறுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. கூடத்து அட்டையைக் கழற்றிவிட்டு, வலது காலால் மேலே ஏறவும் ஒரு முழங்கால் செய்ய வேண்டும். அதற்கு இன்னும் மூன்று வருடம் ஆகலாம். இடம் கொடுத்தவர் ராத்திரி முழுக்க என் காலடியில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார். மக்ரூனை நீட்டினேன். ஒன்றை எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலைப் பார்த்து, கால் இப்போது எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார்.

"ரொம்ப நன்றாக இருக்கிறது. இந்நேரம் கொழும்புக்குக் கடலில் போய்க்கொண்டிருக்கும்" என்றேன்.