ரென்னி போட்ட ஓட்டு

நம்பாவிட்டால் போங்கள். அந்த ஓட்டை எழுதிய கை இதுதான்.

1866, ஜூலை மாதம். நியூசிலாந்தின் ஒடாகோ மாகாணத்தில், எங்கள் ஊரில் மாகாண சபைத் தேர்தல். நான் யூவன், வக்கீல் லாக்லன் மன்கரின் குமாஸ்தா. அவர்தான் வேட்பாளர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தேர்தல் அதிகாரி பெட்ரி என்னை அன்று ஓட்டுகளைப் பதிந்து எழுத இரவல் வாங்கியிருந்தார்.

மன்கர் நிற்பது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஒரே வாக்குறுதி, ஆற்றுக்குப் பாலம். பாலம் வந்தபாடில்லை. ஒன்பது நாளுக்கு முன் படகு கவிழ்ந்து, டேவி ரென்னி என்ற கொல்லன் வெள்ளத்தோடு போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. இந்தத் தடவை தோற்றால் அரசியலே வேண்டாம், வீட்டோடு இருந்துவிடுகிறேன் என்று மன்கர் தன் மனைவிக்குச் சத்தியம் செய்திருந்தார்.

அப்போதெல்லாம் ரகசிய ஓட்டு கிடையாது. எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். மணி 3:52. மன்கருக்கும் எதிர்த்து நின்றவருக்கும் ஆளுக்கு 41 ஓட்டு. முடிய எட்டு நிமிடம்.

கதவு திறந்தது. ரென்னி.

"அடப்பாவி, பொழைச்சுட்டியா! எனக்கு ஓட்டுப் போட ஆத்துலேர்ந்தே எழுந்து வந்துட்டான் பாருங்கய்யா!" மன்கர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குளிரில் எங்கள் எல்லார் வாயிலும் ஆவி. அவன் வாயில் இல்லை... அவன் கோட்டிலிருந்து சொட்டு... சொட்டு... தரை மட்டும் நனையவில்லை.

"ஐயா, இவன் சரியில்ல. வேணாம்," என்றேன்.

"பட்டியல்ல பேரு இருக்குப்பா. ரெண்டு கேள்விக்கு மேல கேக்க எனக்கு அதிகாரம் இல்ல," என்றார் பெட்ரி. "நீதான டேவி ரென்னி?"

"ஆமா."

"முன்னாடியே ஓட்டுப் போட்டியா?"

"இல்ல."

"யாருக்கு?"

"மன்கருக்கு. அவரு போயே ஆகணும்."

சட்டம் அவ்வளவுதான். எழுதினேன். அவன் வெளியே போனான்.

வாசலில் எட்டிப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. நான்கு மணிக்கு மன்கர் அந்த ஒரு ஓட்டில் ஜெயித்தார்.

நான்காம் நாள், காலை 9:10. கடலோரத்துப் பாதிரியாரிடமிருந்து கடிதம். ரென்னியின் உடல் அங்கே ஒதுங்கியதாம். தேர்தலன்று அடக்கம் செய்துவிட்டார்களாம்.

பகல் மூன்று மணிக்கு.

மன்கர் ஆற்றைத் தாண்டிச் சபைக்குப் போகக் கிளம்பிவிட்டிருந்தார். ஓடினேன்.

படகு நடு ஆற்றில்.

"ஐயா! திரும்புங்க! திரும்புங்க!"

வழியனுப்ப வந்தேன் என்று நினைத்தார். தொப்பியைத் தூக்கி ஆட்டினார்.

அப்புறம்... படகு இல்லை.

நீந்திக் கரையேறிய படகுக்காரன் மர்டோ இன்றுவரை ஒன்றையேதான் சொல்கிறான். "ஏறினது வக்கீல் ஒருத்தருதான். ஆனா ரெண்டு பேரு ஏறின மாதிரி படகு தாழ்ந்துச்சு."