வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்து

சூளகிரிக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ஊரில், தமிழ், தெலுங்கு இரண்டு பிரிவும் உள்ள பள்ளிக்கூடத்துக்குக் கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருந்தது. சம்பளமில்லாத உறுப்பினர்களில் நானும் ஒருவன். மதுரைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவனையும் ஊர்க்காரர்கள் ஒரு ஆளாக மதித்துவிட்டார்களே என்று கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

கூட்டம் என்று ஒன்று நடந்ததே இல்லை. எல்லோருக்கும் ஷிப்ட், இல்லாவிட்டால் வயல். தலைமையாசிரியர் தீர்மானப் புத்தகத்தை நீட்டுவார். வெறும் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன். மேலே என்ன எழுதுவது என்பது அவர் பாடு.

ஒருநாள் காலை, குழுவிலிருந்த தெலுங்குக்காரப் பெண் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் மகள் தெலுங்குப் பிரிவில் மூன்றாம் வகுப்பு.

"ஏன்ணா, தெலுங்கு கிளாஸை எடுத்துடலாம்னு நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்களாமே?"

"நான் எப்பம்மா போட்டேன்?"

"நானும்தான் போட்டிருக்கேனாம். இன்னைக்கு ஆபீசர் வர்றாரு. நீங்க வந்து சொல்லுங்கண்ணா. நான் சொன்னா எடுபடாது."

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கல்வி அதிகாரி தீர்மானப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். பிள்ளைகள் குறைவு, தெலுங்குப் பிரிவை மூடிவிடலாம் என்று மணிமணியாக எழுதியிருந்தது. தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கையெழுத்துதானே?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. ஆனா அப்படி ஒரு கூட்டமே நடக்கலைங்க."

"இது மட்டும் நடக்கலையா, எதுவுமே நடக்கலையா? யோசிச்சுப் பேசுங்க. பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கக்கூஸ் கட்டறதுக்கு எழுதின தீர்மானமும் இதே புக்லதான் இருக்கு. அதை வச்சுத்தான் கட்ட உத்தரவு வந்திருக்கு, அதுவும் போயிடும்."

என் மகளும் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு படித்தாள், தமிழ்ப் பிரிவில். தலைமையாசிரியர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் அதிகம். அவர் எழுதி முடித்த பிறகு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? அந்தப் பெண் முந்தானையைக் கையில் சுருட்டியபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுவுமே நடக்கலைங்க சார்," என்றேன்.

தெலுங்குப் பிரிவு தப்பியது. கக்கூஸ் உத்தரவு ரத்தாகிவிட்டது. பெண்பிள்ளைகள் பழையபடி பள்ளிக்குப் பின்னாலிருந்த முள்ளுக்காட்டுக்குத்தான் போனார்கள். அங்கே போகக் கூசிக்கொண்டு, அந்த வருஷம் முழுக்க என் மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.